பயறுக் கொல்லையில் களைக்கொல்லி: மூன்று நாள் கணக்கு

கேள்வி: மானாவாரியில் மல்லாட்டையோடு துவரை கலந்து போடுகிறோம். கிணற்றடியில் உளுந்தும் உண்டு. களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. எந்தக் களைக்கொல்லியை எப்போது அடிக்கலாம்? (வாசகர், மாதனூர் ஒன்றியம், ஆம்பூர் வட்டம்)

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் பயறு வகை போடும் எந்த விவசாயியிடம் பேசினாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். விடிந்ததும் ஷூ கம்பெனி வேன் ஊருக்குள் வந்துவிடுகிறது. முன்பு களைக்கொத்தோடு கொல்லைக்கு வந்த பெண்கள் இப்போது அந்த வேனில் ஏறுகிறார்கள். நிழலில் வேலை, மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று இருக்கும்போது அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மல்லாட்டைக்கு முதல் களை எடுக்க ஏக்கருக்குப் பத்து ஆளாவது வேண்டும். அதுவும் குறிப்பிட்ட ஒரு வாரத்துக்குள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் ஆளை வைத்து அந்த வாரத்தைப் பிடிக்க முடியாது.

அதனால் பாட்டிலைத் தேடிப் போவதில் தப்பில்லை. தப்பு நடப்பது பாட்டிலை எப்போது தேடுகிறார்கள் என்பதில்தான். விதைத்து இருபது நாள் கழித்து, களை முழங்கால் உயரம் வந்த பிறகு கடைக்குப் போய், "களை சாகணும், பயிர் சாகக்கூடாது, ஒரு மருந்து குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் கையில் நல்ல பதில் இருக்காது. பயறு வகைக்குக் களைக்கொல்லி வேண்டும் என்றால் அதை விதையோடு சேர்த்தே வாங்கி வைக்க வேண்டும். விதைத்த மூன்றாம் நாளுக்குள் அது மண்ணில் விழ வேண்டும்.

ஏன் இந்த அவசரம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். நெல்லும் கேழ்வரகும் கரும்பும் புல் இனம். அங்கே அகன்ற இலைக் களையைக் கொல்லும் 2,4-டி போன்ற மருந்தை அடித்தாலும் பயிர் தப்பித்துக்கொள்ளும். பயறு வகையில் நிலைமை தலைகீழ். உளுந்தும் அகன்ற இலை, சாரணையும் அகன்ற இலை, தொய்யக்கீரையும் அகன்ற இலை. முளைத்து நிற்கும் சாரணையைக் கொன்று, பக்கத்தில் நிற்கும் உளுந்தை விட்டுவைக்கும் மருந்துகள் மிகச் சில. அவற்றுக்கும் பயிர், நாள், அளவு மூன்றும் பொருந்த வேண்டும். களை முளைப்பதற்கு முன்பே தடுப்பது அதைவிடச் சுலபம், செலவும் குறைவு.

அந்த வேலைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயறு வகைகளுக்குப் பரிந்துரைப்பது பெண்டிமெத்தலின் 30 சதம். இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 3.3 லிட்டர், மானாவாரிக்கு 2.5 லிட்டர், தண்ணீர் 500 லிட்டர். ஏக்கர் கணக்கில் இறவைக்கு சுமார் 1.3 லிட்டர், மானாவாரிக்கு 1 லிட்டர், தண்ணீர் 200 லிட்டர். விதைத்த மூன்றாம் நாள் தெளித்து, பிறகு முப்பதாம் நாள் வாக்கில் ஒரு கைக்களை. மருந்தே அடிக்காவிட்டால் பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் இரண்டு கைக்களை வேண்டும். ஆக, இந்த மருந்து இரண்டு களையில் ஒன்றை மிச்சப்படுத்துகிறது. இரண்டையும் மிச்சப்படுத்தும் என்று எதிர்பார்த்து அடித்தவர்தான் பிறகு "மருந்து டூப்ளிகேட்" என்று சொல்கிறார்.

பெண்டிமெத்தலின் முளைத்த களையை ஒன்றும் செய்யாது. மண்ணின் மேல் ஒரு மெல்லிய படலமாக நின்று, முளைவிடும் விதையின் வேரிலும் குருத்திலும் செல் பிரிவதைத் தடுக்கும். களை விதைகள் பெரும்பாலும் பொடி விதைகள். மேல்மண்ணில் கிடப்பவைதான் முளைக்கும், அந்தப் படலத்தில் மாட்டிக்கொள்ளும். உளுந்து விதையும் மல்லாட்டைப் பருப்பும் இரண்டு விரற்கடை ஆழத்தில் கிடப்பதால் அவற்றின் வேர் படலத்துக்குக் கீழே ஓடிவிடும். பயிர் பிழைப்பது இந்த ஆழ வித்தியாசத்தால்தான். கையால் வீசி விதைத்து, மேலோட்டமாகப் பலகை ஓட்டிய உளுந்தில் மருந்து அடித்தால், மேலே கிடக்கும் விதைகள் அடிபடும். மண்மட்டத்தில் தண்டு வீங்கி, காற்றடித்தால் மளுக்கென்று ஒடியும். அதைப் பார்த்தால் விதைப்பு ஆழம் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் என்பதில் உளுந்துக்கும் மல்லாட்டைக்கும் வித்தியாசம் உண்டு. மல்லாட்டை மண்ணைப் பிளந்து வர ஒரு வாரம் ஆகும். நாலாம் நாள் அடித்தாலும் பெரிய சேதம் இராது. உளுந்தும் பச்சைப்பயறும் ஈரமும் சூடும் இருந்தால் நாலாம் நாளே தலை காட்டும். மூன்றாம் நாள் மழை பெய்து கொல்லைக்குள் இறங்க முடியாமல் போனால், ஐந்தாம் நாள் முளையின் தலையில் அடிப்பதைவிட அந்த மருந்தை அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மண்ணில் ஈரம் இருக்க வேண்டும் என்பது இதைவிட முக்கியம். ஆடிப்பட்டத்தில் ஒரு மழையை நம்பி விதைத்துவிட்டு, புழுதி பறக்கும் மேல்மண்ணில் உச்சி வெயிலில் பெண்டிமெத்தலின் அடித்தால் மருந்து ஆவியாகவும் வெயிலில் சிதைந்தும் போய்விடும். மானாவாரியில் மழை பெய்து ஏர் பதம் வந்ததும் விதைத்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ மாலையில் அடிக்க வேண்டும். இறவையில் விதைத்துத் தண்ணீர் விட்டு, கால் புதையாத பதம் வந்ததும் அடிக்கலாம். மண்கட்டி உடையாத கொல்லையில் படலம் பிடிக்காது. கட்டிக்கு அடியில் இருந்து களை சாவகாசமாக வரும். மக்காத எருவை அப்போதுதான் இறைத்திருந்தால் மருந்தில் ஒரு பங்கை எரு பிடித்துக்கொள்ளும், போதாததற்குப் பார்த்தீனிய விதையையும் கொண்டு வந்து சேர்க்கும்.

இனி டேங்க் கணக்கு. பயறுக் கொல்லையில் களைக்கொல்லி பிழைத்துப்போகும் இடங்களில் பாதிக்கு மேல் இங்கேதான். இப்போது எல்லோரிடமும் 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான் இருக்கிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் பன்னிரண்டரை டேங்க். மானாவாரி அளவில் டேங்குக்கு 80 மில்லி, இறவை அளவில் 104 மில்லி. நடைமுறையில் ஆறு ஏழு டேங்கில் ஏக்கரை முடித்துவிடுகிறார்கள். டேங்குக்கு 80 மில்லி ஊற்றி ஏழு டேங்க் அடித்தால் ஏக்கருக்கு 560 மில்லிதான் போயிருக்கும், களை நிற்கும். "போன தடவை கேக்கல" என்று அடுத்த தடவை டேங்குக்கு 200 மில்லி ஊற்றினால், மெதுவாக நடந்த இடத்திலும் திரும்பும் இடத்திலும் பயிர் கருகும்.

இதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு ஏக்கர் 100 சென்ட், எனவே ஒரு சென்டுக்கு 2 லிட்டர் விழ வேண்டும். 21 அடிக்கு 21 அடி அளந்து கயிறு கட்டினால் ஏறத்தாழ ஒரு சென்ட். டேங்கில் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி, வழக்கமான நடையில் அந்தச் சதுரத்தை முழுக்க நனைத்துவிட்டு, எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர்தான் குறைந்தது என்றால் நடை வேகம், அல்லது நாசில் சிறியது. மருந்து அடிப்பவர் யாரோ அவர்தான் இதைச் செய்து பார்க்க வேண்டும். கொல்லைக்காரர் நடையும் கூலிக்கு அடிக்க வருபவர் நடையும் ஒன்றாக இராது. பூச்சிமருந்துக்குப் போடும் கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு, தட்டையாக விசிறும் நாசிலைப் போட வேண்டும். படலத்தின் மேல் மிதிக்காமல் பின்னோக்கி நடந்துகொண்டே அடிப்பது நல்லது. நெல்லுக்குச் செய்வது போல மணலில் கலந்து வீசுவதும் இங்கே உதவாது. தேங்கிய தண்ணீர் இல்லாத கொல்லையில் மணல் விழுந்த இடத்தில் மட்டுமே மருந்து இருக்கும்.

கடையில் 38.7 சதம் என்று போட்ட பெண்டிமெத்தலினும் கிடைக்கிறது. அது வேறு வடிவம், அளவும் குறைவு. மேலே சொன்ன 1 லிட்டர், 1.3 லிட்டர் கணக்கு 30 சதத்துக்கு மட்டும்.

மூன்றாம் நாளைத் தவறவிட்டவருக்கு என்ன வழி? உளுந்து, பச்சைப்பயறுக்கு விதைத்த 15 முதல் 20 நாளுக்குள், களை இரண்டு நான்கு இலையில் இருக்கும்போது இமாஸ்தாபிர் 10 சதம் ஏக்கருக்கு 200 மில்லியும், புல் களைக்குக் குயிசலோஃபாப் ஈதைல் 5 சதம் ஏக்கருக்கு 400 மில்லியும் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. தனி மல்லாட்டைக்கு இமாஸ்தாபிர் ஏக்கருக்கு 300 மில்லி, 20 முதல் 30 நாளுக்குள். இதில் எதை வாங்கினாலும், லேபிளோடு வரும் துண்டுத்தாளில் அந்தப் பயிரின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, பில் போட்டு வாங்க வேண்டும். ஒரே மருந்து பல பெயரில் பல சதத்தில் வருகிறது. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கையில் வருவது எதுவாகவும் இருக்கலாம்.

இமாஸ்தாபிர் செடிக்குள் சில அமினோ அமிலங்கள் உருவாவதைத் தடுக்கிறது. மல்லாட்டையும் சோயாவும் அந்த மருந்தை வேகமாக உடைத்துவிடுவதால் பிழைக்கின்றன. அடித்த ஒரு வாரம் குருத்து இலை வெளுத்து, வளர்ச்சி நின்றது போலத் தெரியும். பத்துப் பதினைந்து நாளில் தெளிந்துவிடும். அந்த நேரத்தில் பயந்துபோய் டானிக், யூரியா என்று மேலும் மேலும் அடிப்பதால் எந்தப் பலனும் இல்லை. குயிசலோஃபாப் புல்லை மட்டும் கொல்லும், கோரை அதில் சாகாது. கோரை புல் மாதிரி இருக்கிறதே தவிர அது வேறு இனம். தண்டை விரலில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும்.

இப்போது வாசகர் கேட்ட முக்கியமான இடம்: மல்லாட்டையோடு துவரை. ஆம்பூர் பக்கம் மானாவாரிக் கொல்லையில் தனி மல்லாட்டை என்பது அபூர்வம். ஆறு அல்லது எட்டு சால் மல்லாட்டைக்கு ஒரு சால் துவரை, நடுவே மொச்சையோ காராமணியோ, வரப்போரம் ஆமணக்கு, சிலர் நாலு சால் சோளம். மல்லாட்டை பொய்த்தாலும் துவரை நிற்கும், அதுவும் போனால் மாட்டுக்குத் தட்டையாவது மிஞ்சும் என்பது அந்தக் கலப்பின் கணக்கு. களைக்கொல்லி லேபிள்களோ தனிப்பயிரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பெண்டிமெத்தலின் மல்லாட்டைக்கும் துவரைக்கும் ஒத்துப்போகும். கூடச் சோளம் விதைத்திருந்தால் அதன் முளைப்பு அடிபடும். இருபதாம் நாள் இமாஸ்தாபிர் அடித்தால் மல்லாட்டை தாங்கும், வரப்போர ஆமணக்கும் ஊடே நிற்கும் சோளமும் தாங்காது. குயிசலோஃபாப் அடித்தால் சோளமும் கம்பும் புல் களையோடு சேர்ந்து போகும்.

எனவே கலப்புக் கொல்லைக்குப் பதில் இதுதான்: மல்லாட்டை, துவரை மட்டும் என்றால் மூன்றாம் நாளுக்குள் பெண்டிமெத்தலின் ஏக்கருக்கு 1 லிட்டர், அதோடு மருந்தை நிறுத்திக்கொள்ளலாம். பிறகு 25 முதல் 30 நாளில் சாலுக்கு இடையே சக்கரக் களைவெட்டி, சாலுக்குள் நிற்பதை மட்டும் கைக்களை. வரிசையாக ஓர் அடி இடைவெளியில் விதைத்திருந்தால்தான் களைவெட்டி ஓடும். ஆள் பற்றாக்குறைக்கு உண்மையான மருந்து விதைப்புக் கருவியில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. வீசி விதைத்த கொல்லையில் பாட்டிலும் பெண்களின் கையும் தவிர மூன்றாவது வழி கிடையாது. மல்லாட்டைக்கு 40, 45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கும்போது மீதிக் களையும் போய்விடும். அதற்குப் பிறகு மண்ணைக் கிளறக் கூடாது, விழுது இறங்கும் நேரம். 45 நாள் தாண்டி வரும் களை விளைச்சலைப் பெரிதாகக் குறைக்காது. உளுந்துக்கு அந்தக் கெடு 30 நாள். துவரை முதல் இரண்டு மாதம் மந்தமாக வளரும் என்பதால் அதுவரை கவனம் வேண்டும்.

கோடை மழையில் முளைத்த களையை விதைப்புக்கு முன்பே ஓர் உழவில் மடக்கிவிடுவது பழைய வழக்கம். இப்போது டிராக்டர் வாடகைக்குப் பயந்து அதை விட்டுவிட்டு, மிச்சம் பிடித்த பணத்தைக் களைக்கொல்லிக்குக் கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் தெரியவில்லை.

கேள்வி: உளுந்துக்குக் களைக்கொல்லி அடித்த பிறகு செடி பழுத்துக் கருகுகிறது. மருந்துதான் காரணமா? (வாசகர், பாலாற்றங்கரை கிராமம், ஆம்பூர் அருகில்)

மருந்தாக இருக்கலாம். ஆனால் இந்தப் பகுதியில் மருந்தின் மேல் பழி போடும் முன் கிணற்றுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்த கதை ஊருக்கே தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்ததைக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றக் காரணமான தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும், மண்ணில் ஏறிய உப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை.

உளுந்தும் பச்சைப்பயறும் உப்புத் தாங்காத பயிர்கள். உப்பு மண்ணில் வேர் முடிச்சும் குறையும். அப்படி ஏற்கெனவே தள்ளாடும் செடியின் மேல் இமாஸ்தாபிர் விழுந்தால், மற்ற ஊரில் பத்து நாளில் தெளியும் செடி இங்கே தெளியாமல் போகலாம். உப்பு நீர்க் கொல்லையில் இருபதாம் நாள் மருந்தைத் தவிர்த்து, மூன்றாம் நாள் மருந்தும் கைக்களையுமாக முடித்துக்கொள்வது உத்தமம்.

எது காரணம் என்று கொல்லையில் நின்றே ஓரளவு கண்டுபிடிக்கலாம். உப்பு என்றால் கருகல் அடியிலுள்ள முதிர்ந்த இலையின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கும். கொல்லை முழுக்க இராது, தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் திட்டுத்திட்டாக இருக்கும். மண் காய்ந்தால் வெண்மை பூக்கும். களைக்கொல்லி என்றால் அடித்த சில நாளில் எல்லாச் செடியிலும் ஒரே சமயத்தில் தெரியும், தெளிப்பான் போன தடத்தில் வரிவரியாக இருக்கும், இரண்டு பட்டை மேலேறிய இடத்தில் அதிகமாக இருக்கும். வரப்போரம் மருந்து படாமல் விட்ட நாலு செடி நன்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்காகவே தெளிக்கும்போது ஒரு மூலையில் நாலடி சதுரத்தைத் தார்ப்பாயால் மூடிவைத்து அடிக்கும் விவசாயிகள் உண்டு. நல்ல பழக்கம்.

இலை கிண்ணம் போலக் குவிந்து, தண்டு முறுக்கிக்கொண்டால் அது மூன்றாவது வகை. அங்கே குற்றவாளி 2,4-டி. பக்கத்துக் கரும்புக்கு அடித்தது காற்றில் வந்திருக்கும், அல்லது கேழ்வரகுக்கு 2,4-டி அடித்த தெளிப்பானை இரவல் வாங்கி உளுந்துக்குப் பயன்படுத்தியிருப்பார்கள். வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசினால் அது போகாது. சலவைச் சோடா கலந்த தண்ணீரை நிரப்பிச் சில மணி நேரம் ஊறவிட்டு, குழாயும் நாசிலும் உட்பட இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். முடிந்தால் களைக்கொல்லிக்கென்று ஒரு தெளிப்பானைத் தனியாக வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

தண்ணீர்ப் பரிசோதனைக்குச் சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் எடுத்து மாதனூர் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரிக்கலாம். விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதன் பிறகு பிடிக்கும் தண்ணீர்தான் சரியான மாதிரி. மருந்து கலக்குமுன்னும் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை ஊற்றிச் சில சொட்டு மருந்து விட்டுப் பார்க்கலாம். பால் போலக் கலந்து நிற்க வேண்டும். திரிந்து மேலே எண்ணெயாக மிதந்தால் வேறு தண்ணீரில் கலக்க வேண்டும்.

கேள்வி: மல்லாட்டை அறுத்த பிறகு அதே நிலத்தில் கேழ்வரகும் காய்கறியும் போடலாமா?

பெண்டிமெத்தலின் மட்டும் அடித்திருந்தால், மல்லாட்டையின் மூன்றரை மாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் தொல்லை இராது. இமாஸ்தாபிர் அடித்திருந்தால் யோசிக்க வேண்டும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான் அதை உடைக்கின்றன, அவற்றுக்கு ஈரம் வேண்டும். மழை குறைந்த வருடம் மருந்து மண்ணிலேயே தங்கிவிடும். அமெரிக்காவில் இந்த மருந்தின் லேபிள், அடித்த 40 மாதத்துக்குச் சர்க்கரைக்கிழங்கு போடாதே என்கிறது. நம் சூட்டில் அவ்வளவு காலம் தங்காது. என்றாலும் அடுத்த பயிருக்கு ஆபத்து இல்லை என்று கண்ணை மூடிச் சொல்ல முடியாது.

சந்தேகம் தீர இரண்டு தொட்டி போதும். ஒன்றில் மருந்து அடித்த நிலத்தின் மேல்மண், மற்றொன்றில் மருந்து படாத வரப்படி மண். இரண்டிலும் கேழ்வரகையும் கொஞ்சம் கடுகையும் விதைத்துத் தண்ணீர் விட வேண்டும். பதினைந்து நாளில் இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்திருந்தால் தைரியமாக விதைக்கலாம். நிலத்து மண்ணில் செடி வெளுத்துக் குட்டையாக நின்றால் அந்தப் பட்டத்துக்குப் பயறு வகையே போடுவது நல்லது. வருடா வருடம் ஒரே மருந்தை அடிப்பதும் வேண்டாம். ஹரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்யூரானை வருடக்கணக்கில் அடித்து, 1990களின் தொடக்கத்தில் அந்த மருந்துக்கே சாகாத புல் களை உருவானதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: விதைக்கு ரைசோபியம் கலந்திருக்கிறோம். களைக்கொல்லி அதைக் கொன்றுவிடுமா?

பரிந்துரைத்த அளவில் பயப்பட வேண்டாம். ரைசோபியம் விதையோடு கீழே இருக்கிறது, பெண்டிமெத்தலின் மேலே நிற்கிறது. இரண்டையும் ஒரே டேங்கில் கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: கொள்ளுக்கு எந்தக் களைக்கொல்லி?

எதுவும் வேண்டாம். புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் நெருக்கமாக விதைத்த கொள்ளு ஒரு மாதத்தில் தரையை மூடிவிடும். களைக்கு அங்கே வெளிச்சமே கிடைக்காது. மருந்துச் செலவு செய்து எடுக்கும் அளவுக்கு அந்தப் பயிரில் வருமானமும் இல்லை.

கேள்வி: பயறு வரிசைக்கு நடுவே கிளைபோசேட் அடிக்கலாமா? அறுவடைக்கு முன் செடியைக் காயவைக்க மருந்து அடிக்கலாமா?

இரண்டுக்கும் கூடாது என்பதுதான் பதில். கிளைபோசேட் பட்ட செடி எதுவானாலும் சாகும். இந்தியாவில் அதற்குப் பதிவு தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான். 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலமாக அன்றி அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கையும் வெளியிட்டது. மத்தியப் பிரதேசத்தில் கோடைப் பச்சைப்பயறைச் சீக்கிரம் அறுக்கப் பாராகுவாட் அடித்துக் காயவைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. இங்கே அதற்கு அவசியமே இல்லை. செடியோடு பிடுங்கிக் களத்தில் இரண்டு வெயில் காட்டினால் போதும். சாப்பிடும் பருப்பின் மேல் அறுவடைக்குச் சில நாள் முன்பு விழும் மருந்து வீட்டு உலைக்குத்தான் வரும். பாராகுவாட்டுக்கு மாற்று மருந்து எந்த மருத்துவமனையிலும் கிடையாது. அந்தப் பாட்டில் வீட்டில் இருப்பதே நல்லதில்லை.

கேள்வி: களைக்கொல்லி அடித்த கொல்லையில் மாட்டுக்குப் புல் அறுக்கலாமா?

அடித்த மருந்தைப் பொறுத்து லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும்வரை கூடாது. ஆட்டையும் உள்ளே விடக் கூடாது. அறுவடைக்குப் பிந்திய மல்லாட்டைக் கொடியை, அந்த நாள் கடந்திருந்தால், கொடுக்கலாம். இதில் விவசாயி வீட்டார் கவனிக்காத ஒன்று உண்டு. களை எடுக்க வரும் பெண்கள் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். களை என்று பெயர், அன்றைய குழம்பும் அதுதான். மருந்து அடித்த கொல்லை என்று அவர்களுக்குச் சொல்லாவிட்டால் வழக்கம்போலப் பறித்துக்கொண்டுதான் போவார்கள். இமாஸ்தாபிர் அடித்த களை உடனே வாடுவதில்லை, ஒரு வாரம் பச்சையாகவே நிற்கும். அதனால் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. அடித்த அன்றே கொல்லையின் நாலு மூலையிலும் குச்சி நட்டுப் பழந்துணி கட்டி, களைக்கு வருபவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.